மகளிர் கல்லூரியில் மலர்ந்த தீயியல் கல்வி



அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எமிட்ஸ்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. 1809ஆம் ஆண்டில் எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையார் அங்குக் குடியேறி, அடுத்த ஆண்டிலேயே சிறுமியருக்குக் கட்டணமில்லாப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அந்த விதையிலிருந்து முளைத்த புனித ஜோசப் மகளிர் கல்லூரி 1973இல் மூடப்பட்டது. 1979இல் அரசாங்கம் அவ்வளாகத்தை விலைக்கு வாங்கியது. மாணவியர் அமர்ந்திருந்த வகுப்பறைகளில் நரைத்த தலையுடைய தீயணைப்பு அதிகாரிகள் பாடம் கேட்கத் தொடங்கினர். அதுவே அமெரிக்கத் தேசியத் தீயணைப்புக் கல்விக்கழகம்.

தீயணைப்பவருக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்பவர் உண்டு. உடல் வலிமையும் துணிவும் போதும், மற்றவற்றை மூத்தவரிடம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் அமெரிக்காவிலும் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கைக்குக் கொடுத்த விலையை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும்.

1958 டிசம்பர் 1. சிகாகோ நகரில் தேவதைகளின் அன்னை தொடக்கப்பள்ளி. வகுப்பு முடியச் சிறிது நேரமே இருந்தது. அடித்தளத்தில், படிக்கட்டின் கீழிருந்த குப்பைத் தொட்டியில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் படிக்கட்டை மறைக்கக் கதவு இருந்தது, மேல்தளத்தில் இல்லை. படிக்கட்டே புகைபோக்கியாகிவிட்டது. மேல்தள வகுப்புகளிலிருந்த பிள்ளைகள் தாழ்வாரத்தில் கால்வைக்க இயலாமல் சன்னல்களில் மொய்த்தனர். 92 மாணவர்களும் 3 கன்னியர் ஆசிரியைகளும் மாண்டனர். அக்கட்டடம் சில வாரங்களுக்கு முன்னர்தான் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது! பழைய கட்டடம் என்பதால் புதிய விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பள்ளிப் படிக்கட்டுகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறையினர் பயன்பாட்டில் இல்லாத பள்ளிக் கட்டடமொன்றில் வேண்டுமென்றே தீமூட்டி ஆய்ந்தனர். தாழ்வாரம் வெப்பத்தால் கடக்க முடியாததாவதற்கு முன்பே புகையால் கடக்க முடியாததாகிறது என்பது அளவுகளோடு நிறுவப்பட்டது. மூடிய படிக்கட்டும் கூரையிலிருந்து தானே நீர் தெளிக்கும் கருவியும் எத்துணை இன்றியமையாதவை என்பதும் தெளிவாயிற்று. எனக்குத் தீயியல் என்றால் இதுதான்: துக்கத்தை அளந்து பார்த்துப் பாடமாக்குவது.

1966இல் விஸ்கான்சின் மாநிலத்தில், விங்ஸ்பிரெட் என்னும் மாளிகையில், தீயணைப்புத் துறையின் முன்னோடிகள் சிலர் கூடினர். தலைமைப் பொறுப்புக்கு வருபவருக்கு முறையான உயர்கல்வி வேண்டும் என்பது அங்கு எழுந்த முதன்மைக் குரல்களுள் ஒன்று. பின்னர், 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அமைந்த தேசிய ஆணையம், 1973இல் ‘எரியும் அமெரிக்கா’ என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 பேர் தீயில் மடிவதாக அது மதிப்பிட்டது. தேசிய அளவில் ஒரு கல்விக்கழகம் வேண்டும் என்பது அதன் 90 பரிந்துரைகளுள் ஒன்று. 1974 அக்டோபரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் அதற்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். எமிட்ஸ்பர்க் வளாகம் கைக்கு வந்தது அதற்கும் ஐந்தாண்டுகள் கழித்தே. அரசுக் கோப்புகள் எங்கும் ஒரே வேகத்தில்தான் நகரும் போலும்.

என்னை மிகவும் கவர்ந்தது 1985இல் அங்குத் தொடங்கிய நிருவாக அதிகாரிகள் பயிற்சித் திட்டம். தொடக்க காலத்தில் அது நான்கு ஆண்டு, நான்கு பாடநெறி என்று அமைந்திருந்தது. ஒவ்வொரு பாடநெறிக்குப் பின்னும் அதிகாரி தம் ஊர் நிலையத்துக்குத் திரும்பி, அங்குள்ள உண்மையான சிக்கலொன்றை ஆய்ந்து கட்டுரை எழுத வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் நாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதிய செயலாய்வு நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரு வேறுபாடு: அவர்களின் கட்டுரைகள் கழகத்தின் நூலகத்தில் சேர்க்கப்பட்டன. ஓரூர் அதிகாரி கண்ட தீர்வை இன்னோரூர் அதிகாரி எடுத்துப் படிக்க முடிந்தது. நம்முடையவை எந்த அலமாரியில் உறங்குகின்றனவோ!

அறிக்கை வந்த காலத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்காவில் தீயால் இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்துள்ளது. அப்பெருமை முழுவதையும் கழகத்துக்கே சூட்டுவது முறையன்று. வீடுதோறும் பொருத்தப்பட்ட மலிவான புகையுணர் கருவிக்கு அதில் பெரும்பங்குண்டு. ஆயினும் அக்கருவியை வாங்கிப் பொருத்துமாறு மக்களிடம் எடுத்துச் சொல்வதும் தம் கடமையே என்று தீயணைப்பவர் உணர்ந்தது சிறிய மாற்றமன்று. நீர்க்குழாயைப் பிடித்த கைகள் பாட அட்டைகளையும் பிடித்தன.

அவ்வளாகத்தில் 1981இல் பணியில் உயிர்நீத்த தீயணைப்பாளர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் அவ்வாண்டுக்குரிய பெயர்ப்பலகை அங்குப் பதிக்கப்படுகிறது. பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் தங்கிப் படிப்பதும் அதே வளாகத்தில்தான்.