எந்த இனம், எந்த ஊர்? மாவுப்பூச்சிக் கட்டுப்பாட்டில் வகைப்பாட்டியலின் பங்கு

பூச்சிக் கட்டுப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. டிடிடி வந்தது, பூச்சிகள் எதிர்ப்பாற்றல் பெற்றன, அடுத்த மருந்து வந்தது என்று அந்த வரிசை நீளும். உயிரியல் கட்டுப்பாட்டைப் பேசும் நூல்களும் ஒட்டுண்ணிக் குளவியை வயலில் விட்ட நாளிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு வெகுமுன்பு, அருங்காட்சியகம் ஒன்றில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பூச்சியின் உடல்துளைகளையும் மயிர்களையும் ஒப்பிட்டு 'இது வேறு இனம்' என்று ஒருவர் தீர்த்திருப்பார். பல வெற்றிகள் அங்கிருந்துதான் தொடங்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

இனம் தெரியாமல் பூச்சியைக் கொண்டுவந்ததன் விளைவுக்குத் தென்னிந்தியாவிலேயே பழைய சான்று உண்டு. ஸ்பானியர் கையிலிருந்த கொச்சினீல் சிவப்புச் சாய வணிகத்தில் பங்கு பெற கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் அதற்காக முயன்றார். அந்தச் சாயத்தைத் தரும் பூச்சிக்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டு சேர்த்தார். ஆனால் வந்தது மெக்சிகோவின் சாயப்பூச்சி அன்று. டாக்டிலோபியஸ் செய்லோனிகஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற அதன் உறவினம் அது. சாயம் தரக்குறைவாக இருந்தது. கள்ளியையோ அது தின்றே அழித்தது. புதர்மண்டிக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளி வட இந்தியாவில் ஒடுங்கியதைக் கண்டு, 1836-38இல் அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். களையைப் பூச்சி கொண்டு அடக்கியதற்கு உலகில் பதிவான முதல் நிகழ்வு இதுவே. இருந்தும் தெற்கில் பரவியிருந்த இன்னொரு கள்ளியினத்தை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்குரிய டாக்டிலோபியஸ் ஒப்புன்ஷியே 1926இல் இலங்கையிலிருந்து வந்த பிறகே அந்தக் கள்ளியும் அடங்கியது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பூச்சி, இரண்டும் ஒரே கள்ளி. பூச்சி அப்படிப் பார்ப்பதில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆப்பிரிக்காவில் இதே சிக்கல் கோடிக்கணக்கானோரின் உணவைத் தொட்டது. மரவள்ளி பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா சென்ற பயிர். அதன் பூச்சி பின்தங்கிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் மரவள்ளியின் நுனிக்கொழுந்து சுருண்டு முடிச்சு விழத் தொடங்கியது. சில இடங்களில் கிழங்கு மகசூலில் 80 விழுக்காடு வரை இழப்பு. பிரெஞ்சு வகைப்பாட்டியலாளர் டானியேல் மத்தீல்-ஃபெரெரோ 1977இல் அதற்குக் காரணமான மாவுப்பூச்சியைப் புதிய இனமென விவரித்து ஃபெனாகாக்கஸ் மேனிஹோட்டி என்று பெயரிட்டார்.

பயிர் தென்னமெரிக்காவுக்குரியது என்றால் பூச்சியும் அதன் எதிரியும் அங்கேதான் இருக்க வேண்டும். தேடியவர்கள் கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சியைக் கண்டார்கள், அதன் ஒட்டுண்ணிகளையும் திரட்டினார்கள். அந்த ஒட்டுண்ணிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. முறையே பிழையோ என்று பலர் ஐயுறக்கூடிய கட்டம் அது. விடை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மாதிரிகளில் இருந்தது. ஜெனிஃபர் காக்ஸும் டி. ஜே. வில்லியம்ஸும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், வடபகுதிப் பூச்சி வேறோர் இனம் என்று பிரித்துக் காட்டி அதற்கு ஃபெனாகாக்கஸ் ஹெர்ரெனி என்று பெயர் வைத்தார்கள். ஹெர்ரெனியில் ஆணும் பெண்ணும் உண்டு. மேனிஹோட்டியில் பெண் மட்டுமே. ஆணின்றியே இனம் பெருக்கும். உடல் நிறமும் வேறு, ஒன்று மஞ்சள், மற்றது இளஞ்சிவப்பு. இவ்வளவு தெளிவான வேறுபாடும் தேடுவோரின் கைக்கு எட்ட ஆண்டுகள் பிடித்தன.

இதன்பின் தேடல் தெற்கே திரும்பியது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் ஆன்தனி பெல்லோட்டி 1981இல் பராகுவேயில் உண்மையான மேனிஹோட்டியைக் கண்டார். அதனுடன் அனகைரஸ் லோபெஸி என்ற சிறு குளவியும் கிடைத்தது. இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் சோதித்தபின், அதே ஆண்டு நவம்பரில் நைஜீரியாவில் அதை விட்டார்கள். ஹான்ஸ் ஹெர்ரனின் வழிகாட்டலில் இபாதானிலுள்ள வெப்பமண்டல வேளாண் நிறுவனம் அதைக் கண்டம் முழுதும் பரப்பியது. ஹெர்ரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 27 நாடுகளைக் கணக்கிட்ட பொருளியல் ஆய்வொன்று, செலவைப் போல் குறைந்தது 200 மடங்கு பயன் விளைந்ததாக மதிப்பிட்டது.

தமிழகத்துக்கு முதலில் வந்தது மரவள்ளிப் பூச்சி அன்று, பப்பாளிப் பூச்சி. 2008 ஜூலையில் கோவையில் காணப்பட்ட அது ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் ஏறியது. பட்டுப்புழு வளர்ப்போர் தழையின்றித் தவித்தார்கள். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உடலை எளிதில் எட்டுவதில்லை. திரும்பத் திரும்ப அடித்ததில் பொறிவண்டும், குரங்கு முகம் போன்ற கூட்டுப்புழுவையுடைய ஸ்பால்ஜிஸ் வண்ணத்துப்பூச்சியும்தான் செத்தன. அவை மாவுப்பூச்சியைத் தின்பவை. ஆனால் பொதுவான வேட்டையாடிகள் என்பதால் இந்தப் பெருக்கத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இம்முறை அடையாளம் தயாராக இருந்தது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்ற இப்பூச்சியை 1992இல் விவரித்தவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே வில்லியம்ஸ். பூர்வீகம் மெக்சிகோ என்பதும், அதன் ஒட்டுண்ணிகள் எவை என்பதும் அமெரிக்க வேளாண் துறைக்குத் தெரியும். அவற்றில் முதன்மையான அசெரோபேகஸ் பப்பாயே குளவிக்கே 2003இல்தான் பெயர் கிடைத்திருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர். முனியப்பன் உள்ளிட்டோரின் முயற்சியால், 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணி இனங்கள் பெங்களூருவின் தேசிய பூச்சிகள் ஆய்வகத்துக்கு வந்தன. அக்டோபரில் கோவையில் வெளியிடப்பட்டன. சில மாதங்களில் தோட்டங்கள் மீளத் தொடங்கின. ஐந்தாண்டு நன்மை 50 கோடி டாலருக்குக் குறையாது என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. காங்கோவில் பூச்சி தோன்றியதிலிருந்து குளவி வரும்வரை சுமார் எட்டு ஆண்டுகள். கோவையில் இரண்டே ஆண்டுகள். இந்த வேகத்துக்குக் காரணம் அதிகாரிகளின் சுறுசுறுப்பு மட்டுமென்று நான் கருதவில்லை. யாரும் கேட்காத காலத்திலேயே பெயரிட்டு வைத்திருந்த உழைப்பு அது.

2008இல் தாய்லாந்துக்குள் நுழைந்த மேனிஹோட்டியை, 2009இல் பெனினிலிருந்து வரவழைத்த லோபெஸி அடக்கியது. அதன் சூழலியல் விளைவைக் கண்டவர்கள் கிரிஸ் வைக்ஹெய்ஸ் குழுவினர். 2019இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, தாய்லாந்தில் கிழங்கு குறைந்தபோது அண்டை நாடுகளில் மரவள்ளிப் பரப்பு விரிந்து காடழிப்பு கூடியது. குளவி பரவிய பிறகு காடழிப்பு வேகம் நாட்டுக்கு நாடு 31 முதல் 95 விழுக்காடு வரை தணிந்தது. வயலில் விட்ட இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி, எல்லைக்கு அப்பாலுள்ள காட்டைக் காத்தது என்பதை எண்களால் நிறுவ முனைந்த ஆய்வு இது.

மேனிஹோட்டி 2020இல் திருச்சூரில் அறியப்பட்டு, சேலம், நாமக்கல், தருமபுரி வயல்களுக்குக் கரணை வழியாகவும் பரவியபோது, உழவர் கண்ணுக்கு அது பழைய பப்பாளி மாவுப்பூச்சியாகவே தோன்றியிருக்கக் கூடும். ஏற்கெனவே வயலில் நிலைத்திருந்த அசெரோபேகஸ் அதைத் தொடாது. உருவ அமைப்பாலும் மரபணுப் பகுப்பாய்வாலும் இனம் உறுதியான பின், லோபெஸி பெனினிலிருந்து வரவழைக்கப்பட்டு, தனிமைக் காப்புச் சோதனைகள் முடிந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக விடப்பட்டது. இளம் மாவுப்பூச்சிக்குள் பெண்குளவி முட்டையிட, புழு உள்ளிருந்து தின்ன, பூச்சியின் உடல் பழுப்பாக இறுகிக் கூடாகிறது. அந்தக் கூட்டில் வட்டத் துளை தெரியும் வயலில் மருந்தடித்தால் மடிவது குளவிதான். சேகோ ஆலைகளுக்கு வரும் கிழங்கின் அளவு, மருந்துச் செலவு, கரணை கொண்டுவரப்பட்ட ஊர் ஆகியவற்றை ஏத்தாப்பூர் வட்டாரத்தில் இப்போதிருந்தே ஆண்டுதோறும் குறித்து வைத்தால்தான், தாய்லாந்துக்குச் செய்தது போன்ற கணக்கைச் சேலத்துக்கும் நாளை போட முடியும்.