எழும்பூர் இணையக் குற்ற வழக்கு (2004)

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இந்தியாவில் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் முதன்முதலாகத் தண்டனை பெற்றுத் தந்ததாகக் குறிப்பிடப்படுவது, சென்னை எழும்பூரில் கூடுதல் தலைமைப் பெருநகரக் குற்றவியல் நடுவர் முன் நடந்த வழக்கு ஆகும்.

மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை மணக்க விரும்பிய குடும்ப நண்பர் ஒருவர், அவர் மறுத்ததால் அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கினார். அதன்வழி யாகூ குழு ஒன்றில் ஆபாசச் செய்திகளை இட்டார். அவற்றை உண்மையென நம்பிய முகமறியாத பலர் அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுத்தனர். 2004 பிப்ரவரியில் அப்பெண் புகார் அளித்தார். சென்னை இணையக் குற்றப் பிரிவு தடம்பற்றிச் சென்று, சில நாட்களிலேயே குற்றவாளியை மும்பையில் கைது செய்தது.

குற்றப்பத்திரிகை மார்ச் 24இல் தாக்கலானது. வழக்கின் உயிர்நாடி சாட்சியத்தில்தான் இருந்தது. கணினித் திரையில் தோன்றி மறையும் ஒன்றை நீதிமன்றத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பது? முன்னாள் கணவரோ புகார்தாரரோகூட அச்செய்திகளை அனுப்பியிருக்கலாம் என்றும், அச்சிட்டுத் தந்த படிகள் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி செல்லாதவை என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. அப்பிரிவு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் சேர்க்கப்பட்டது. அதைக் கையாண்ட அனுபவம் அப்போது எவருக்கும் அதிகம் இல்லை. இணையச் சட்ட வல்லுநர் நா. விஜயசங்கர் (நாவி) அச்செய்திகளுக்குச் சான்றளித்துச் சாட்சி சொன்னார். இணைய மையம் நடத்தியோரும் சாட்சியமளித்தனர். தொழில்நுட்பத்தோடு இந்த எளிய மனிதர்களின் சொல்லும் சேர்ந்தே குற்றத்தை நிலைநாட்டியது.

2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. 67ஆம் பிரிவின்கீழ் இரண்டு ஆண்டு கடுங்காவலும் 4,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 469, 509 பிரிவுகளின்கீழும் தண்டனை உண்டு. அனைத்தும் ஏககாலத்தில் நடைபெறும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி எட்டு மாதத்துக்குள் முடிந்தது, நம் நீதிமன்றங்களில் அபூர்வமான வேகம்.

பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கெனத் தனிப்பிரிவு அன்று இல்லை. 66சி, 66டி பிரிவுகள் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தன. அதே திருத்தத்தில் வந்த 66ஏ, அனுப்புநரை மறைத்து ஏமாற்றும், தொல்லை தரும் மின்னஞ்சல்களையும் குற்றமாக்கியது. கருத்துரிமையைப் பறிப்பதாக 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. எரிதங்களைத் தொட்ட அந்த வாசகமும் அதோடு போயிற்று. 65பி சான்றிதழ் கட்டாயம் என 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அவ்விதி பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது.