ஸ்பானிய மொழியிற் சோளம்: சொற்கள் கூறும் வரலாறு

பேரரசின் மொழியும் தான் வென்ற நிலங்களுக்குக் கடன்படுவதுண்டு. ஸ்பானிய மொழி இதற்குத் தக்க சான்றாகும். 1492இற் கரிபியன் தீவுகளை அடைந்த ஸ்பானியர், அங்கு வாழ்ந்த தையினோ மக்களின் மொழியிலிருந்தே சோளத்துக்கு 'மாயிஸ்' என்னும் பெயரைப் பெற்றனர். பின்னர் 1521இல் அஸ்தெக்குகளின் தலைநகர் வீழ்ந்தது. 1532இல் இன்கா மன்னன் சிறைப்பட்டான். இன்று இளஞ்சோளக் கதிரை மெக்சிக்கோவினர் அஸ்தெக்குகளின் மொழிவழிவந்த 'எலோத்தே' என்பர். பெரு, சிலி நாட்டினர் இன்காக்களின் கெச்சுவா மொழிவழிவந்த 'சொக்லோ' என்பர்.

ஸ்பெயினின் வழக்கே செம்மையானது, ஏனையவை கொச்சை என்பார் உளராயின், அவர்தம் நாவிலும் 'மாயிஸ்' தையினோச் சொல்லே என்பது நினைக்கத்தக்கது. போரும் நோயும் கட்டாய உழைப்பும் தையினோ சமுதாயத்தைச் சிதைத்தன. அதன் சொல்லோ வென்றோர் மொழியில் வாழ்கின்றது. ஆதலின் இவ்வட்டார வேறுபாடுகள் மொழியின் வழுக்களல்ல. தோற்கடிக்கப்பட்டோர் விட்டுச்சென்ற வரலாற்றுச் சான்றுகளேயாம்.