கூண்டில் நிற்கும் மனம்

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பை முடித்துக்கொண்டு போன மாணவியொருத்தி, சில வாரங்களுக்கு முன் எம்மைத் தேடி வந்தாள். வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகள் அவள். “சேர், கோட்டிலை போய் மனத்தைப் பற்றிச் சாட்சி சொல்லுற படிப்பு ஒண்டு இருக்காம். அதிலை கலாநிதி ஆகிறதெண்டால் எங்கை படிக்கவேணும்?” என்று கேட்டாள். தமிழிலக்கியம் கற்பிக்கும் எமக்கு உடனே மறுமொழி கூறத் தெரியவில்லை. நீதிமன்ற உளவியல் என்னும் அத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அத்தேடல் அந்நிய நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தொடங்கி, இறுதியில் எமது மண்ணின் மிகப் பெரிய புண்ணொன்றிலே கொண்டுவந்து விட்டது. அதனை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீதிமன்ற உளவியலாளர் என்பவர் யார்? குற்றஞ்சாட்டப்பட்டவர் செயலைப் புரிந்த வேளையில் அதன் தன்மையை உணரும் நிலையில் இருந்தாரா? தம்மீது நடக்கும் வழக்கை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு உண்டா? அவர் தந்த வாக்குமூலம் நம்பத்தக்கதா? சாட்சியின் நினைவு எவ்வளவுக்கு உறுதியானது? இவ்வினாக்களை முறைப்படி ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பவரே அவர். நோயாளியைக் குணப்படுத்தும் வைத்தியருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மறத்தலாகாது. வைத்தியரிடம் கூறியது இரகசியமாய் இருக்கும். நீதிமன்றத்தின் பொருட்டு ஆராய்பவரிடம் கூறியது மன்றிலே வெளிப்படலாம். ஆதலால் ‘நீர் சொல்வது இரகசியமன்று’ என்று முதலிலேயே கூறுதல் அவரது கடமை. எவர் பணம் கொடுத்து அழைத்தாலும் உண்மையின் பக்கமே நிற்றல் அவரது ஒழுக்கம்.

இத்துறையின் வரலாற்றில் இரண்டு நீரோட்டங்கள் உள. ஒன்று சட்டத்திலிருந்து வந்தது. 1843 இல் டானியேல் மக்னோட்டன் என்பவன், பிரித்தானியப் பிரதமர் பீல் என்று எண்ணி அவருடைய செயலாளர் டிரம்மண்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றான். தன்னைப் பிறர் துரத்துவதாக மயங்கிய அவனை மன்று குற்றமற்றவன் என விடுவித்து மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பியது. அதனையொட்டி எழுந்த விதிகளே 1860 இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84 ஆம் பிரிவாகவும், 1883 இன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 77 ஆம் பிரிவாகவும் இடம்பெற்றன. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ சித்தக் கோளாறினால் அறியமுடியாதவன் குற்றவாளியாகான் என்பதே அவற்றின் கருத்து.

மற்றையது ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1879 இல் வில்ஹெல்ம் வூண்ட் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுகூடம் நிறுவினார். அவரிடம் கற்ற ஹியூகோ மன்ஸ்ரர்பேர்க் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1906 இல் சிக்காகோ நகரில் ரிச்சர்ட் ஐவன்ஸ் என்னும் இளைஞன் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பின்னர் மறுத்தான். அவ்வொப்புதல் தூண்டுதலால் பிறந்த பொய் ஒப்புதல் என மன்ஸ்ரர்பேர்க் எழுதினார். பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. இளைஞன் தூக்கிலிடப்பட்டான். இரண்டாண்டுகளின் பின், 1908 இல், சாட்சியத்தின் உளவியல் பற்றி அவர் நூலொன்று வெளியிட்டார். மறு ஆண்டு சட்டப் பேராசிரியர் விக்மோர், மன்ஸ்ரர்பேர்க் மீது கற்பனை வழக்கொன்று தொடுத்து அங்கதம் எழுதினார். ‘உளவியலாளரே, உமது முறைகள் முதலில் முதிரட்டும், சட்டம் உம்மை ஏற்கும்’ என்பதே அதன் சாரம். அங்கதம் கொடிதாயினும் அதிலோர் உண்மை இருந்தது. தனியொரு பேராசிரியரின் புலமை போதாது. முறைப்படி பயின்ற ஒரு தொழிற்குழுவே வேண்டியிருந்தது.

அக்குழு உருவாக அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1949 இல் போல்டர் நகர மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் தொழில் புரிவோராகவும் ஒருங்கே பயிற்றப்படல் வேண்டும் என வகுத்தது. 1973 இல் வேயில் மாநாடு, தொழிலையே முதன்மையாகக் கொண்ட கலாநிதிப் பட்டத்துக்கும் இடமளித்தது. 1974 இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும் உளவியலையும் இணைத்துக் கற்பிக்கும் நெறி தொடங்கிற்று. இவற்றுக்கிடையே 1962 இல், ஜென்கின்ஸ் என்பாரின் வழக்கில், மனநோய் பற்றி உளவியலாளரும் நிபுணராகச் சாட்சியமளிக்கலாம் என வாஷிங்டன் மேன்முறையீட்டு மன்று தீர்த்தது. 2001 இல் அமெரிக்க உளவியற் சங்கம் இதனைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றது.

இன்று அந்நாட்டில் இப்பயிற்சி நெடியது. முதற்பட்டத்தின்பின் ஐந்து தொடக்கம் ஏழாண்டுகள் வேண்டும். மனப்பிறழ்வியல், புள்ளிவிபரவியல், உளச் சோதனைகள், சட்டம் ஆகியவற்றைக் கற்றல்; சிறையிலும் மருத்துவமனையிலும் மேற்பார்வையின்கீழ்ப் பணிசெய்தல்; ஆய்வேடு எழுதுதல்; ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி; அதன்பின் மேலும் மேற்பார்வைப் பணி, உரிமப் பரீட்சை. பிறன் ஒருவனின் விடுதலையையும் உயிரையும் தொடும் சொல்லைச் சொல்ல வருபவர் இத்தனை படிகளைக் கடப்பது நியாயமே.

இப்பயிற்சி யாருக்குப் பயன்படுகிறது என்பதும் கேட்கத்தக்கது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் கலாநிதிகளாயினர். பொம்மைகளைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வுகள், இனப் பாகுபாடு கறுப்பினக் குழந்தைகளின் மனத்தில் தாழ்வுணர்ச்சியை விதைத்ததைக் காட்டின. பாடசாலைகளில் இனப்பிரிப்புச் செல்லாதென 1954 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அடிக்குறிப்பொன்றில் கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் சுட்டிற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மிடையே இருந்து அறிஞரைப் பெற்றபோது, அறிவியல் அவர்களின் வாயாக ஆயிற்று.

இனி எமது குடாநாட்டுக்கு வருவோம். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த முதல் முயற்சி மானிப்பாயில் நடந்தது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். தமிழிலே கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்று கருதினார். ஆதலால் 1860 களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர் துணையுடன் ‘இரணவைத்தியம்’, ‘மனுஷவங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் இல்லையென்று அவர் காத்திருக்கவில்லை. கற்பிக்கும் தேவையே கலைச்சொல்லைப் படைத்தது. 1870 இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி எழுந்தது. உத்தியோகமும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றன. கிறீனும் 1873 இல் நாடு திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி படிப்படியாக நலிந்தது. மொழியின் இயலாமையன்று, அதிகாரத்தின் அமைப்பே அதனை நலிவித்தது.

கிறீனின் குடும்பத்தையே எமது பொருள் ஒருமுறை தொட்டது. அவருடைய தமையனார் அண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரை இன்றைய உருவில் இணைத்தவர் என்று போற்றப்படுபவர். 1903 நவம்பர் 13 ஆம் நாள், எண்பத்துமூன்று வயதில், தம் வீட்டு வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவரை வேறொருவரென மயங்கியவன். அவன் தூக்குமேடைக்கு அனுப்பப்படவில்லை. சித்தம் கலங்கியவன் எனக் கண்டு, குற்றமிழைத்த மனநோயாளருக்கான மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். நகரத் தந்தையைக் கொன்றவனுக்கும் அவன் மனத்தை ஆராயும் நீதி கிடைத்தது. எமது மண்ணிலே எளியவர் ஒருவருக்கு அத்தகைய ஆராய்வு கிடைத்ததா என்பதே எம்முன் எழும் வினா.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் 1974 இல் தோன்றிற்று. மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கிற்று. அதன்பின் வந்த யுத்தம், அப்பீடத்தின் உளமருத்துவத்தைப் பாடநூலிலிருந்து வீதிக்கு இழுத்து வந்தது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், குண்டுவீச்சும் இடப்பெயர்வும் சித்திரவதையும் தமிழர் மனத்தில் விட்ட வடுக்களை ஆராய்ந்து, ‘மனவடு’ என்று தமிழிலும் பின்னர் 1998 இல் ஆங்கிலத்திலும் நூல்கள் எழுதினார். 1987 இல் தோன்றிய ‘சாந்திகம்’ என்னும் நிலையம் உளவளத்துணையை மக்களிடம் கொண்டுசென்றது. இவை ஆறுதல் அளிக்கும் பணிகள். இவற்றின் பெருமை குறையாது. ஆனால் ஆறுதல் வேறு, நீதிமன்றில் நிறுவப்படும் சான்று வேறு. காயத்தை ஆற்றுபவர் நமக்குக் கிடைத்தனர். காயத்தைச் சான்றாக்குபவர் போதியளவு கிடைக்கவில்லை.

அதன் விலையை ஒரு வழக்கால் அறியலாம். சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலை ஏற்காது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ செய்த ஒப்புதலை ஏற்கலாம் என்றது. அது வலிந்து பெறப்பட்டதென நிறுவும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே சுமத்தியது. 1993 இல் மட்டக்களப்புப் பகுதியில் கைதான நல்லரத்தினம் சிங்கராசா என்னும் தமிழர், தாம் சித்திரவதைக்குள்ளானதாகவும், சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமக்கு விளங்காத வாக்குமூலத்தில் தம் பெருவிரல் வலிந்து பதிக்கப்பட்டதாகவும் கூறினார். ஆயினும் 1995 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு ஐம்பதாண்டுச் சிறை விதித்தது; மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாயிற்று. அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லையென 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அக்கருத்தின்வழிச் செல்ல மறுத்தது.

இவ்வழக்கை ஐவன்ஸின் வழக்கோடு ஒப்புநோக்குக. இரண்டிலும் ஒப்புதலே தண்டனையின் அடித்தளம். ஆனால் இரண்டுக்குமிடையே அறிவியல் வெகுதூரம் நடந்துவிட்டது. ஐஸ்லாந்தில் பொலிஸ் உத்தியோகம் பார்த்துப் பின் பிரித்தானியாவில் உளவியலாளரான கிஸ்லி குட்யோன்சன், விசாரணையின் அழுத்தத்துக்கு ஒருவர் எவ்வளவு வளைவார் என்பதை அளக்கும் சோதனையொன்றை 1984 இல் வெளியிட்டார். 1991 இல் ராகிப் என்பாரின் மேன்முறையீட்டை விசாரித்த ஆங்கில மன்று அத்தகைய உளவியற் சான்றினை ஏற்று, ஒப்புதலை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட தண்டனையை நீக்கியது. சித்திரவதையின் உளத் தடயங்களை ஆவணப்படுத்தும் முறைகளைக் கூறும் இஸ்தான்புல் நெறிமுறை 1999 இல் ஐக்கிய நாடுகளிடம் கையளிக்கப்பட்டது. உடலிலே தழும்பு மறைந்தாலும் மனத்திலே அது பேசும் என்பதை இவை நிலைநாட்டின.

ஆயினும் சோதனைத் தாள்களை மொழிபெயர்த்து விட்டால் பணி முடிந்ததாகாது. எம்மவர் ‘எனக்குத் துயர்’ என்று எளிதிற் கூறுவதில்லை. ‘நெஞ்சு எரியுது’, ‘தலை விறைக்குது’, ‘பெருமூச்சு வருகுது’ என்பர். இச்சொற்களின் பொருளை அறியாத நிபுணர், ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார். அதிகாரியின் முன் ‘ஓம் ஐயா’ என்பது எம் கிராமத்தவர்க்கு மரியாதை; அதனைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது ஒரு கையெழுத்தின் வேலை. வாய்மொழிக்கும் வாக்குமூலத்துக்கும் இடையே கிடக்கும் இப்பள்ளத்தை அளக்க வல்லவர் எமது மொழியில் வளர்ந்தவரே. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது நாம் உத்தியோகத்தை எண்ணிக் கலங்கினோம். கூண்டில் நிற்கும் ஏழைக்கு மொழி உத்தியோகம் மட்டுமன்று. அதுவே அவனது உயிர்.

நிபுணத்துவம் தானாகவே நன்மை பயக்கும் என்றும் கொள்ளவேண்டா. உண்மை கக்கவைக்கும் மருந்தூசியும், பொய் அறியும் கருவியும், மூளை அலைச் சோதனையும் உளவியலின் பெயராலேயே இந்தியாவிற் கைதிகள்மீது செலுத்தப்பட்டன. சம்மதமின்றி அவற்றைச் செய்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று 2010 இல், செல்வி என்பாரின் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் தீர்க்கவேண்டியிருந்தது. அறிவு எவர் கையில், எவர் பொருட்டு என்பதே என்றும் அடிப்படை வினா. கலாநிதிப் பயிற்சியின் உயிர்நாடி சோதனைக் கருவிகளில் இல்லை. ‘எனக்கு இது தெரியும், இது தெரியாது’ என மன்றின் முன் நின்று சொல்லும் நேர்மையிலேயே இருக்கிறது.

அந்த மாணவி மீண்டும் வந்தாள். நாம் படித்தவற்றைக் கூறினோம். நீண்ட பாதை என்றோம். முதலில் உளவியலில் நல்ல பட்டம், பின் மருத்துவ உளவியற் பயிற்சி, அதன்பின் அந்நிய நாட்டிற் கலாநிதி ஆய்வு என்றோம். தோட்டத்து வெங்காயம் விற்ற பணம் அதற்குப் போதாது என்பதையும் மறைக்கவில்லை. புலமைப் பரிசில் பெற்றுப் போனவர் பலர் திரும்பாததும் எமக்குத் தெரியும். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் கிறீன் கண்ட சிக்கல் இன்றும் தீரவில்லை.

அதனாலேயே இது ஒரு மாணவியின் ஆசை மட்டுமன்று. சட்டமும் மருத்துவமும் உளவியலும் ஒருங்கே கற்பிக்கும் நெறியொன்று தமிழிலே இங்கு அமைதல் வேண்டும். அதற்குரிய கலைச்சொற்களை ஆக்குவதில் தமிழாசிரியர்களாகிய எமக்கும் பங்குண்டு. சோதனைகள் எமது மக்களிடையே, எமது பேச்சிலே சரிபார்க்கப்படல் வேண்டும். வெளிநாட்டில் வாழும் எம்மவர் கோயிற் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய ஒரு மாணவிக்கு அனுப்புதல் வேண்டும். திரும்பி வருபவருக்கு இங்கு ஒரு பதவியும் இருத்தல் வேண்டும்.

விடைபெறுமுன் அவள் ‘ஒப்புதல்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று கேட்டாள். உடன்படுதல், ஏற்றுக்கொள்ளுதல், ஒத்திருத்தல் என்றோம். “அப்ப, பயத்திலை சொன்னது இதிலை எதுக்குள்ளை வரும், சேர்?” என்றாள். அகராதியில் அதற்கு விடை இல்லை. அதனைத் தேடவே அவள் படிக்கப் போகிறாள்.