பழையது பழுதன்று

பழுது என்னும் சொல் பழமையிலிருந்து பிறந்தது, பழையதாகிப் போனதே பழுது என்று பட்டிமன்ற மேடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. வால்வு ரேடியோக்களைத் தேடியெடுத்துச் செப்பம் செய்து பாடவைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த விளக்கம் எரிச்சலூட்டுகிறது. மர்பியும் புஷ்ஷும் நேஷனல் எக்கோவும் பரணிலிருந்து இறங்கி நேரே எடைக்குப் போவதற்கு இந்த நினைப்பே காரணம். பழசாகிவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்று திறந்துகூடப் பாராமல் முடிவு கட்டிவிடுகிறார்கள். சொல்லை ஆராயாததால் பொருளை இழக்கிறோம்.

தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்கு நேராகவே பொருள் சொல்லிவிட்டார். பழுது என்றால் பயம் இல்லாமை. அங்கே பயம் என்பது பயன். அச்சம் அன்று. பழமை பற்றி அந்நூற்பாவில் ஒரு குறிப்பும் கிடையாது. பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் பல பகல்கள் பழுதாய்ப் போயினவே என்று அஞ்சி அழுகிறார். வீணாய்ப் போயின என்பதே பொருள். பழையவாயின என்று உரை சொல்ல யாருக்கும் துணிவு வராது. சுந்தரர் திருவிடைமருதூர்ப் பதிகத்தில், குங்குமம் சுமந்த கழுதையைச் சொல்லிவிட்டுத் தாம் பழுதே உழன்றதாக நோகிறார். அதுவும் பயனின்மையே. வள்ளுவர் 639ஆம் குறளில் பழுதெண்ணும் மந்திரியைக் காட்டுகிறார். பரிமேலழகர் பிழைபட எண்ணுபவன் என்கிறார். அம்மந்திரி முதியவனா இளையவனா என்ற பேச்சே அங்கு எழவில்லை.

சொல்லின் வடிவமும் எதிரணிக்கு உதவாது. ‘பழ’ என்னும் அடி பழைது, பழையது, பழமை என்று கிளைக்கும். நடுவில் ஓர் உகரம் ஏறிப் பழுது ஆவதற்கு அவர்கள் வழி காட்டவில்லை. இரவு நீரூற்றி வைத்துக் காலையில் உண்ணும் சோற்றுக்குப் பழையது என்று பேர். உழவன் உடம்புக்கு அதைவிடப் பயன்தரும் உணவு எது? அதைப் பழுது என்று சொல்லும் வீடு தமிழ்நாட்டில் உண்டா? பழுத்தலிலிருந்து பழுது வந்தது என்பார் வேறு சிலர். பழுத்த மரம் பயன் தருவது. தொல்காப்பியர் சொன்னதற்கு நேர்மாறாய் முடியும் அந்த விளக்கத்தை அத்தோடு விட்டுவிடலாம்.

நான் கொள்ளும் மூலம் பாழ். போழ்து, பொழுது என்று ஒரே சொல் இரு வடிவில் வருகிறது. ஆலின் விழுதைப் புறநானூறும் நாலடியாரும் வீழ் என்கின்றன. அந்த வீழே விழுது. முதல் நெடில் குறுகி, ழகரத்தின்மேல் உகரம் ஏறித் ‘து’வில் முடியும் இந்த வாய்பாட்டில் பாழைப் பொருத்தினால் பழுது தானே வந்து நிற்கும். பொருளும் ஒட்டுகிறது. பாழ்நிலம் விளையாத நிலம். பழுதான கருவி வேலை செய்யாத கருவி. அண்டை மொழிகளையும் பாருங்கள். கன்னடத்தில் பாழுக்கு ஹாளு, பழையதற்கு ஹளெய. தெலுங்கில் பாழுக்குப் பாடு, பழையதற்குப் பாத. கெடுவது வேறு, மூப்பது வேறு என்று நம் உறவு மொழிகளும் பிரித்தே வைத்திருக்கின்றன.

ஒலி ஒத்திருப்பதால் பழுதை என்னும் சொல்லையும் பழுதோடு சேர்க்க வேண்டாம். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் தவிக்கும் பழமொழியில் வரும் பழுதை, வைக்கோற் புரி. கெட்டுப்போன கயிறு என்று அதற்கு ஒருவர் விளக்கம் எழுதியிருந்தார். புரி முறுக்கும்போதே கெட்டுப்போனதா? அச்சொல்லுக்கு வேறு வேர் தேட வேண்டும்.

இனி, பழுது பார்த்தல். பார்த்தால் மட்டும் பழுது போய்விடுமா, பழுது நீக்கல் என்றே எழுத வேண்டும் என்று திருத்துகிறார்கள். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம். தமிழில் பார்த்தல் கண்ணின் தொழிலோடு நிற்பதில்லை. பொறுப்பேற்றுக் கவனிப்பதும் பார்த்தலே.

வால்வு ரேடியோவின் முன் உட்கார்ந்தவருக்கு இது தெரியும். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாத செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்த ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். முழு மின்னழுத்தம் ஏறினால் ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோகும். அதனால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் கோத்து, அது எப்படி எரிகிறது என்று முதலில் பார்க்கிறோம். பிறகு, அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டென்சரைப் பார்க்கிறோம். அதில் கசிவு இருந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறும். வால்வு அளவுக்கு மீறிச் சுடும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டாக இருந்தால் சேஸிஸே மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். தொடுமுன் பார்க்க வேண்டும். கெட்ட உறுப்பைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்கச் சில நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் பார்வைக்கே போகிறது. நீக்கல் என்று திருத்துவோர் இந்த உழைப்பைச் சொல்லிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள்.

பார்த்தல் என்பதே சரி என்பதற்குப் பேச்சுத்தமிழே பெரிய சான்று. ரேடியோ ரிப்பேர் என்றால் நமக்கு ரேடியோ கெட்டுவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் அது செப்பம் செய்வதைக் குறிக்கும் சொல். நம்மிடம் வந்து கேட்டையே குறித்தது. மக்கள் அறியாமல் செய்த பிழை என்று இதை இகழ்வது தவறு. பழுது பார் என்ற தொடரில் பழுது இருந்த இடத்தில் ரிப்பேர் வந்து அமர்ந்தது. அமர்ந்த இடத்தின் பொருளை ஏற்றது. ரிப்பேர் பார்க்கிறவர் என்று கடைக்காரரைச் சொல்கிறோம். பார்த்தல் அசையவே இல்லை. அரபியில் பிறந்த மராமத்தும் நம்மிடம் வந்து ஏரியோடும் கட்டடத்தோடும் நின்றுவிட்டது. வீட்டுப் பொருளுக்குப் பழுதும் ரிப்பேருமே நிலைத்தன.

புதுப்பித்தல் என்ற சொல்லையும் இத்தொழிலில் புகுத்துகிறார்கள். கோயில் திருப்பணிக்கு அது பொருந்தலாம். ரேடியோவில் புதுப்பிக்கக் கிளம்பியவர் மரப்பெட்டியின் பழைய அரக்கு மெருகைச் சுரண்டிப் பளபளக்கும் பெயின்ட் அடிக்கிறார். ஸ்பீக்கர் துணியைக் கிழித்துப் புதுத்துணி ஒட்டுகிறார். நல்ல கைகாரர் பழைய காகிதக் கண்டென்சரின் கூட்டைக் குடைந்து, புதிய கண்டென்சரை உள்ளே வைத்து, மெழுகால் மூடி, இருந்த இடத்திலேயே பற்றவைக்கிறார். பழுது போகிறது, பழமை நிற்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையென்றால் இந்தத் தொழிலுக்கே இடமில்லை.

பழுது பாழின் வழி வந்தது. பழமைக்கு அதனோடு உறவில்லை என்பது என் துணிபு. வீட்டில் வால்வு ரேடியோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் பழுது பாருங்கள்.