பெண்டுலம் பயிற்சி டாக்டரும் ஒரு வருஷக் கணக்கும்

தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தூக்க முடியாம பிசியோதெரபிக்குப் போனவங்க இதை வாசிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. குறிப்பா சுகர் உள்ளவங்க. குனிஞ்சு நின்னு, கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொல்வாங்க இல்லையா? அதுக்குப் பேரு கோட்மன் பயிற்சி. 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரை 1934இல் வைத்தவரும் அவரேதான். எர்னஸ்ட் அமோரி கோட்மன், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து சர்ஜன்.

ஆனா அந்த மனுஷன் பதவியை இழந்தது தோள்பட்டையால இல்லை. ஒரு மருத்துவத் துறை தன் வேலை தரமா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கும் என்று கேட்டதால. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா வாங்க.

1894. கோட்மனும் ஹார்வி குஷிங்கும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவர்கள். (ஆமாம், மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி குஷிங்தான்.) ஈதர் மயக்கம் கொடுக்கிற வேலை அப்போ மாணவர்கள் தலையில். முறையான பயிற்சி எல்லாம் கிடையாது. குஷிங் மயக்கம் கொடுத்த ஒரு நோயாளி மேசையிலேயே இறந்துபோனார். பிறகு நண்பர்கள் ரெண்டு பேரும் ஒரு பந்தயம் கட்டினார்கள்: யார் நல்லா மயக்கம் கொடுக்கிறாங்கன்னு பாக்கலாம், தோத்தவர் டின்னர் வாங்கித் தரணும். யார் ஜெயிச்சாங்கன்னு தெரியணும்னா எழுதி வைக்கணுமே? அறுவை நடக்க நடக்க நாடித்துடிப்பை நேரத்தோடு குறிக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு உங்க ஆபரேஷன் கேஸ் ஷீட்ல இருக்கிற மயக்கவியல் சார்ட்டுக்கு மூதாதை அதுதான்.

கோட்மனுக்கு அந்தப் பழக்கம் விடவே இல்லை. ஹார்வர்டு மாணவர்கள் பயிற்சி பெறும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சர்ஜனாகச் சேர்ந்ததும் ஒரு யோசனை சொன்னார். நோயாளி ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை. என்ன தொந்தரவு, என்ன நோய்னு நினைச்சோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, வீட்டுக்கு அனுப்பும்போது என்ன நிலை. கடைசியா ஒரு வரி: ஒரு வருஷம் கழிச்சு ஆள் எப்படி இருக்கார்? சரியாகலைன்னா ஏன் சரியாகலை?

இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம்னு தோணும். துறைக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கடைசி வரி எவ்வளவு பயங்கரம்னு தெரியும். ஏன்னா அட்டையில் சர்ஜன் பேரும் இருக்கும். பத்து வருஷ அட்டையை அடுக்கிப் பார்த்தா யார் கை நல்ல கைன்னு வெளியே வந்துடும். அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி. கோட்மன் கேட்டது, அட்டைப்படி.

1911இல் சொந்தமா 12 படுக்கை ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு, தன் யோசனையைத் தன் மேலேயே பரிசோதித்தார். 1916 வரைக்கும் 337 நோயாளிகள், 123 பிழைகள். எண்ணிக்கையோட நிறுத்தலை. இது அறிவுக்குறை, இது கைத்திறன் குறை, இது முடிவெடுத்ததில் தப்பு, இது நோயைக் கண்டுபிடிக்கத் தவறியது, இது நோயின் கொடுமை, இது யார் கையிலும் இல்லாத விபத்து என்று வகை பிரித்து, சொந்தக் காசில் அச்சடித்து மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். பித்தப்பை அறுவையில் தவறான குழாயைக் கட்டியதையும், கட்டியதே அப்போது தனக்குத் தெரியாமல் போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கார். இந்தக் காலத்தில் இதைப் பண்ண எனக்குத் தைரியம் இருக்கான்னு கேட்டா, இல்லை.

1914இல் சீனியாரிட்டி முறையை எதிர்த்து ராஜினாமா. கையோடு, 'என் முடிவுகள் மற்றவங்களைவிட நல்லா இருக்கு, என்னைத் தலைமை சர்ஜனா போடுங்க'ன்னு ஒரு விண்ணப்பம்! நடக்குமா?

1915 ஜனவரி 6. பாஸ்டன் டாக்டர்கள் கூட்டத்தில் ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து வைத்தார். மண்ணுக்குள்ள தலையைப் புதைச்ச நெருப்புக்கோழி, பணக்காரப் பகுதி மக்களைக் குறிக்கிறது. அது பொன் முட்டைகளைப் பின்னால் உதைத்துத் தள்ள, ஹார்வர்டு பேராசிரியர்கள் பொறுக்குறாங்க. உண்மை வெளிய தெரிஞ்சா மருத்துவக் கல்வியை நடத்த முடியுமான்னு பல்கலைக்கழகத் தலைவர் யோசிச்சிட்டு நிக்கிறார். கூட்டம் கொதிச்சுப் போச்சு. சங்கத் தலைமைப் பதவி போனது, ஹார்வர்டு ஆசிரியர் பதவியும் போனது. கார்ட்டூன் தேவையா என்றால், எனக்கு அதில் அவர் பக்கம் முழுசா நிக்க முடியலை. அட்டைக்காக ஆதரிச்சிருக்கக் கூடியவங்களையும் அது விரோதியாக்கியது.

ஆனா விதை விழுந்துடுச்சு. 1913இல் தொடங்கிய அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி, 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 ஆஸ்பத்திரிகளை ஆய்வு செய்தது. அடிப்படைத் தரத்தில் தேறியவை வெறும் 89. தேறாதவற்றில் நாட்டின் பெரிய பெரிய பெயர்கள். 1919இல் கூட்டம் நடந்த நியூயார்க் ஹோட்டலின் உலையிலேயே, பத்திரிகை கையில் சிக்காம இருக்க, அந்தப் பட்டியலை எரிச்சிட்டாங்க.

எரிச்சாலும் தரவிதிகள் மிஞ்சின. அதில் ஒண்ணு, ஒவ்வொரு துறை மருத்துவர்களும் குறித்த இடைவெளியில் கூடி, தங்கள் நோயாளிகளின் பதிவுகளை வைத்துத் தங்கள் வேலையை அலசணும் என்பது. இன்னிக்கு மருத்துவக் கல்லூரித் துறைகளில் நடக்கிற இறப்பு ஆய்வுக் கூட்டத்துக்கு அதுவும் ஒரு வேர். ஆனா கோட்மனின் ஒரு வருஷ வரி அந்த விதிகளில் இல்லை. கூட்டத்தை எடுத்துக்கிட்டு அட்டையை விட்டுட்டாங்க.

நான் பி.ஜி. படிச்ச இடத்தில் மாதாமாதம் அந்தக் கூட்டம் நடக்கும். இறந்தவர்கள் பட்டியல் வாசிப்போம், பேராசிரியர் திட்டுவார், மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். உயிரோட வீட்டுக்குப் போய், ஆறு மாசமா வேலைக்குப் போக முடியாம கிடந்த குடலிறக்க நோயாளி எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அவர் 'நலம்'. வேற பிரச்சினைக்கு அவர் திரும்ப வந்தப்போதான் எனக்கே தெரிந்தது, தையல் போட்டதில் நானும் ஒருத்தன்.

கோட்மன் 1920இல் எலும்புப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார், அவங்களையும் வருஷக்கணக்கில் பின்தொடர. 1940இல் இறந்தார். கல்லறையில் கல்கூட இல்லை, 2014இல்தான் வைத்தார்கள்.

இப்போ எங்க யூனிட்டில் குடலிறக்க ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு போன் பண்றோம். பாதிப் பேர் லோன்காரன்னு நினைச்சு கட் பண்ணிடுறாங்க. உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தா எடுத்துப் பேசுங்க. வலி இருந்தா 'பரவால்ல டாக்டர்'னு மழுப்பாம, இருக்குன்னே சொல்லுங்க.