தலைமுறை வழி வந்த மார்வலி

1842-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் காலையில், இங்கிலாந்தின் ரக்பி பள்ளித் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டு மார்வலி கண்டு காலமானார். மறுநாள் அவருக்கு 47 வயது நிறைவதாக இருந்தது. அவர் தந்தை வில்லியமும் 1801-ல் இருதய நோயால் திடீரென்று மாண்டவரே. தாமஸின் புதல்வர்தாம் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு. ஆங்கில இலக்கியம் பயின்றோர் எவரும் அவரைத் தப்பியிருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த மகளை எதிர்கொள்ள 1888 ஏப்ரலில் லிவர்ப்பூல் சென்ற அவர், அங்கேயே இருதயம் நின்று வீழ்ந்தார். வைத்திய மேதை வில்லியம் ஆஸ்லர் இக்குடும்பத்தைத் தம் சொற்பொழிவில் எடுத்துக்காட்டினார். ஆயினும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய பொருள் யாது என்பதை அந்நாளில் எவரும் அறியார்.

விடையின் முதல் நுனி நார்வே நாட்டில் அகப்பட்டது. ஆஸ்லோ நகர வைத்தியர் கார்ல் முல்லர் 1930-களின் இறுதியில் 17 குடும்பங்களை ஆராய்ந்தார். குதிகால் தசைநாணிலும் கண்ணிமையிலும் மஞ்சள் நிறக் கொழுப்புத் திரட்சி, இரத்தத்தில் மிகுதியான கொலஸ்ட்ரால், மார்வலி ஆகிய மூன்றும் சேர்ந்தே வருவதை அவர் கண்டார். பெற்றோரில் ஒருவரிடம் அக்குறை இருந்தாலே பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வந்து சேரும். 1960-களில் பெய்ரூத் நகரில் கச்சதூரியன் என்னும் வைத்தியர், உறவுக்குள் மணம் மிகுந்த லெபனான் குடும்பங்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீனைப் பெற்ற குழந்தைகளைத் தனியே இனங்கண்டார். இத்தகையோருக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு நேரக்கூடும். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நாம் இச்செய்தியைச் சற்று நின்று கேட்பது தகும்.

குறை எங்கே உள்ளது என்று காட்டியவர்கள், அமெரிக்காவின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் கோல்டுஸ்டைன், மைக்கேல் பிரௌன் என்னும் இருவர். 1973-74-ல் அவர்கள் நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார்கள். நல்ல உயிரணு, வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் வந்ததும் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நோயாளியின் உயிரணுவோ உற்பத்தி செய்துகொண்டேயிருந்தது. இரத்தத்தில் மிதந்து வரும் கொழுப்புத் துணுக்கைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பி அதன் மேற்புறத்தில் இல்லை. வாசலில் பொருள் வந்து காத்திருக்கிறது, வாங்க ஆளில்லை! கல்லீரல் வாங்காத கொழுப்பு இரத்தத்திலே தேங்கி, இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனிகளின் சுவரில் ஆண்டாண்டாகப் படிகிறது. இக்கண்டுபிடிப்புக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே ஜப்பானில் அகிரா எண்டோ, ஒருவகைப் பூஞ்சையிலிருந்து கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைப் பிரித்து 1976-ல் வெளியிட்டார். ஸ்டாட்டின் மருந்துகள் அவ்வழியில் வந்தவை.

ஆர்னால்டு வீட்டிலும் இதுவே என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலோருக்கு ஒரே ஜீனால் மாரடைப்பு வருவதில்லை. 2007-ல் 9-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி சுட்டப்பட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான இடங்கள் தென்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் சிறிதளவே தீங்கு சேர்ப்பது. பிறவியிலேயே இவை மிகுந்தவர்களுள், புகை பிடிக்காமல், உணவிலும் உடற்பயிற்சியிலும் ஒழுங்காக இருந்தோருக்கு இருதய நோய் ஏறத்தாழப் பாதியளவே வந்ததாக 2016-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆகவே தலைவிதி என்னும் சொல் இங்கே முழுதும் பொருந்தாது.

நேயர்களே, தில்லியிலோ நாகபுரியிலோ வைத்தியர், "உங்கள் தகப்பனாருக்கு, அவர் சகோதரர்களுக்கு, எந்த வயதில் என்ன கண்டது?" என்று கேட்கும்போது நம்மிற் பலர் விழிக்கிறோம். "தூக்கத்திலேயே போய்விட்டார்" என்ற ஒரு வரிதான் ஊரிலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கும். சிற்றப்பாவுக்கு அப்போது வயது 42 என்பதும், அவர் கண்ணிமையில் மஞ்சள் தடிப்பு இருந்தது என்பதும் ஊரிலுள்ள பெரியம்மாவுக்கே தெரியும். முல்லர் கண்ட குறையுள்ளவர்கள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவர் என்பது இன்றைய கணக்கு. ஒருவருக்கு அது உறுதியானால், உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதுக்குள்ளேயே மருந்து தொடங்குவதும் உண்டு.